லெஜண்ட் பெட்டி அடங்க மறுத்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வரைபடம் முடிந்துவிட்டது. தலைப்பு, வடக்குக் குறி, அளவுகோல் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. கடைசியாக லெஜண்டை, அதாவது எந்தக் குறியும் நிறமும் எதைக் காட்டுகிறது என்று சொல்லும் விளக்கப் பெட்டியை, மூலையில் வைத்து, ஓரத்தைப் பிடித்துச் சற்றே சுருக்குகிறோம். சுருங்குகிறது. கையை எடுத்த மறுகணமே பழையபடி விரிந்து நிற்கிறது. மறுபடி இழுக்கிறோம், மறுபடி விரிகிறது. இந்த மல்லுக்கட்டில் அரைமணி நேரம் போகாத ஆளே இந்தத் தொழிலில் இருக்க முடியாது.

லேஅவுட்டில், அதாவது அச்சுப் பக்கத்தை அடுக்கும் திரையில், ஒரு படத்தைச் சேர்த்தால் அதை எந்த அளவுக்கும் இழுக்கலாம். லெஜண்ட் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் எழுத்து, குறி, அவற்றுக்கு நடுவே விட்ட இடைவெளி, இவற்றையெல்லாம் கூட்டினால் வருவதுதான் அதன் அளவு. பெட்டியின் ஓரம் அந்தக் கூட்டுத்தொகைக்குப் போட்ட வேலி, அவ்வளவுதான். வேலியை இழுத்துப் பயனில்லை. உள்ளே எது தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். கீழே ஒவ்வோர் அறிகுறியும் அந்த 'எது தள்ளுகிறது' என்ற கேள்விக்குத்தான் போய்ச் சேரும்.

சொல்வதெல்லாம் பெரும்பாலும் க்யூஜிஐஎஸ் 3 என்ற வரைபட மென்பொருளின் பிரிண்ட் லேஅவுட்டை வைத்து. அதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவில் கதை வேறு மாதிரி என்பதால் அதைக் கடைசியில் தனியாக வைத்திருக்கிறேன்.

இழுத்தால் பழைய அளவுக்கே திரும்புகிறது

லெஜண்டைச் சொடுக்கி, வலப்பக்கம் ஐட்டம் ப்ராபர்ட்டீஸ் திறந்து, மெயின் ப்ராபர்ட்டீஸ் பகுதியைப் பாருங்கள். 'ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்' என்று ஒரு டிக் இருக்கும். அது போட்டிருக்கும்வரை பெட்டியின் அளவை மென்பொருள்தான் முடிவு செய்யும். நீங்கள் கையால் இழுத்தது, பொசிஷன் அண்ட் சைஸ் பகுதியில் எண்ணாகத் தட்டியது இரண்டுமே அடுத்த முறை திரை வரையப்படும்போது அழிந்துபோகும்.

உடனே போய் டிக்கை எடுத்துவிடாதீர்கள். இது கோளாறு அல்ல, நல்ல ஏற்பாடு. லேயர் (சாலை, நீர்நிலை போன்ற ஒரு தரவு அடுக்கு) ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெட்டி தானே அதற்கேற்ப மாறிக்கொள்வது இதனால்தான். எடுக்கத் தகுந்த சூழல் ஒன்றுதான்: பெட்டி உள்ளடக்கத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று நீங்களே விரும்பும்போது. உதாரணமாக, பக்கத்தின் வலது ஓரம் முழுக்க 60 மி.மீ. அகலத்தில் ஒரே பட்டையாக, பின்னணி நிறத்தோடு லெஜண்ட் ஓட வேண்டும் என்றால் டிக்கை எடுத்துவிட்டு அளவை எண்ணாகக் கொடுங்கள். சிறிதாக்குவதற்காக எடுத்தால் அடுத்த அறிகுறியில் போய் மாட்டுவீர்கள்.

பெட்டி சிறிதாகிவிட்டது, ஆனால் கடைசி நாலு வரியைக் காணோம்

மேலே சொன்ன டிக்கை எடுத்ததன் விளைவு இது. பெட்டிக்குள் அடங்காததை மென்பொருள் சுருக்காது, நகர்த்தாது, எச்சரிக்கவும் செய்யாது. வெட்டிவிடும். பெட்டிக்குச் சட்டமும் பின்னணியும் இல்லாவிட்டால் வெட்டுப்பட்டதே கண்ணில் படாது. 'நீர்நிலை' என்ற லேயர் வரைபடத்தில் இருக்கும், லெஜண்டில் இருக்காது; பார்ப்பவர் அதைத் தவறு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

சோதிப்பது எளிது. டிக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். பெட்டி எவ்வளவு வளர்கிறதோ அதுதான் உள்ளடக்கத்தின் உண்மையான அளவு. அது உங்கள் இடத்தில் அடங்கவில்லை என்றால் குறைக்க வேண்டியது உள்ளே. எனக்கு ஒரு பழக்கம் உண்டு: வேலை நடக்கும்வரை லெஜண்டுக்கு ஒரு மெல்லிய சட்டம் போட்டு வைப்பேன், முடிந்ததும் எடுத்துவிடுவேன். வெட்டுப்பட்டால் உடனே தெரியும்.

அகலம் மட்டும் அநியாயத்துக்குப் போகிறது

லெஜண்டின் அகலத்தைத் தீர்மானிப்பது எல்லா வரிகளும் சேர்ந்து அல்ல, மிக நீளமான ஒற்றை வரி. இருபது வரிகளில் பத்தொன்பது குட்டையாக இருந்து, ஒன்று மட்டும் 'பருவகாலத்தில் மட்டும் நீர் தேங்கும் தாழ்நிலங்கள்' என்று இருந்தால் மொத்தப் பெட்டியும் அந்த வரிக்காகத்தான் விரிந்து நிற்கும். வலப்பக்கம் வெறும் வெள்ளை. தலைப்பும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரிய எழுத்தில் இருப்பதால் பெரும்பாலும் குற்றவாளி தலைப்பாகவே இருக்கும்.

மெயின் ப்ராபர்ட்டீஸில் 'ராப் டெக்ஸ்ட் ஆன்' என்ற கட்டம் இருக்கிறது. அதில் ஓர் எழுத்தைக் கொடுத்தால், பெயர்களில் அந்த எழுத்து வரும் இடத்திலெல்லாம் வரி உடையும். வழக்கமாக நான் கொடுப்பது நிமிர்ந்த கோடு, அதாவது | குறி. அப்புறம் பெயரை 'பருவகாலத்தில் மட்டும்|நீர் தேங்கும் தாழ்நிலங்கள்' என்று எழுதினால் இரண்டு வரியாக விழும், கோடு அச்சில் தெரியாது. காற்புள்ளியையோ ஹைபனையோ கொடுக்காதீர்கள். '0-50', '50-100' என்று வகுப்பு எல்லைகள் இருக்கும் லேயரில் ஹைபனைக் கொடுத்துவிட்டு எண்கள் எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக விழுந்ததைப் பார்த்துச் சில நிமிடம் திகைத்து நின்றவன் நான்.

பெயரை மாற்ற லெஜண்ட் ஐட்டம்ஸ் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே 'ஆட்டோ அப்டேட்' டிக் போட்டிருந்தால் எல்லாப் பொத்தானும் மங்கிக் கிடக்கும். டிக்கை எடுத்தால்தான் இரட்டைச் சொடுக்கில் திருத்த முடியும். ஆனால் அதை எடுத்த பிறகு லேயர் பட்டியலில் நீங்கள் புதிதாகச் சேர்ப்பதோ நீக்குவதோ வரிசை மாற்றுவதோ லெஜண்டுக்குத் தானாக வராது. அதனால் லேயர் வேலை எல்லாம் முடிந்த பிறகு கடைசிக் கட்டத்தில் எடுப்பதே நல்லது. இன்னொரு வழி, லேயரின் குறி, நிறம் ஆகியவற்றை அமைக்கும் சிம்பாலஜியிலேயே வகுப்பின் லேபிளில் அந்தக் கோட்டைப் போட்டுவிடுவது. ஆட்டோ அப்டேட்டைத் தொடாமலே வேலை முடிந்துவிடும்.

ஒரு சிறு விஷயம். கோப்பின் பெயர் அப்படியே லேயர் பெயராக வந்து, அதுவே லெஜண்டிலும் உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அடிக்கோடும் தேதியும் பதிப்பு எண்ணும் சேர்ந்த அந்த வால் நீளத்தை வெட்டினாலே பாதிப் பெட்டிகள் ஒழுங்காகிவிடும்.

உயரம் தாளைத் தாண்டி ஓடுகிறது

இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் தவறான குமிழைத் திருகுகிறார்கள்.

கிடைவாட்டில் ஒரு ஏ4 தாள். உயரம் 210 மி.மீ. மேலும் கீழும் 10 மி.மீ. விளிம்பு விட்டால் மிச்சம் 190. வரைபடத்தில் 30 வகை நிலப்பயன்பாடு இருக்கிறது என்று வையுங்கள். க்யூஜிஐஎஸ் தானாக எடுத்துக்கொள்ளும் குறியின் அளவு 7 மி.மீ. அகலம், 4 மி.மீ. உயரம். ஒவ்வொரு குறிக்கு முன்பும் விடும் இடைவெளி 2.5 மி.மீ. ஆக ஒரு வரிசைக்கு 6.5 மி.மீ. முப்பதுக்கு 195. தலைப்பைச் சேர்ப்பதற்கு முன்பே தாளைத் தாண்டியாயிற்று.

இப்போது பலர் செய்வது, சிம்பல் பகுதிக்குப் போய் உயரத்தை 4-லிருந்து 2 ஆக்குவது. பெட்டி எதிர்பார்த்த அளவு குறையாது. காரணம், ஒரு வரிசையின் உயரம் குறியின் உயரம், எழுத்தின் உயரம் இரண்டில் எது பெரிதோ அது. ஒரு பாயின்ட் என்பது ஏறத்தாழ 0.353 மி.மீ. எழுத்து 12 பாயின்டில் இருந்தால் அதுவே 4.2 மி.மீ. கேட்கும், குறியை எவ்வளவு நசுக்கினாலும் எழுத்து விட்டுக்கொடுக்காது. எழுத்தை 8 பாயின்டுக்கு இறக்கினால் 2.8 மி.மீ. குறியின் உயரத்தை 3 ஆக்கினால் இரண்டும் ஒத்துப்போகும். ஸ்பேஸிங் பகுதியில் லெஜண்ட் ஐட்டம்ஸ் என்பதன் கீழ் குறிக்கு முன் விடும் இடைவெளியை 2.5-லிருந்து 1 ஆக்குங்கள். வரிசைக்கு 4 மி.மீ., முப்பதுக்கு 120. எழுபத்தைந்து மி.மீ. மிச்சம், எதையும் நீக்காமலேயே.

இந்த மூன்றில் முதலில் தொட வேண்டியது இடைவெளி. வாசிப்பவருக்கு எந்த நட்டமும் இல்லாமல் கிடைக்கும் இடம் அது. எழுத்தைக் குறைப்பது கடைசி. தமிழில் பெயர் எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'கி', 'ணீ' போன்ற எழுத்துகளின் மேல் கொக்கியும் 'கு', 'மூ' போன்றவற்றின் கீழ்ச் சுழியும் ஒரு வரிக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் உயரம் கேட்கும். இடைவெளியை 0 ஆக்கினால் மேல் வரியின் சுழி கீழ் வரியின் கொக்கியில் முட்டும். ஒரு மி.மீ. விட்டு வையுங்கள்.

குழுத் தலைப்புகளும் உயரத்தைத் தின்னும். லேயர் பெயர் 'நிலப்பயன்பாடு', லெஜண்ட் தலைப்பும் 'நிலப்பயன்பாடு' என்றால் ஒன்று வீண். லெஜண்ட் ஐட்டம்ஸ் பட்டியலில் அந்தப் பெயரின் மேல் வலச் சொடுக்கில் 'ஹிடன்' கொடுத்தால் பெயர் மறைந்து, அதற்கான இடமும் விடுபடும். பெயரை அழித்து வெற்றாக விடுவதைவிட இதுவே முறை.

முப்பது வகையும் இந்தத் தாளில் உண்மையில் தென்படுகிறதா என்பதையும் பாருங்கள். பெரிய பகுதியின் தரவை வைத்துக்கொண்டு ஒரு மூலையை மட்டும் வரைந்திருந்தால், பாதி வகைகள் சட்டத்துக்குள்ளேயே இருக்காது. லெஜண்ட் ஐட்டம்ஸ் பகுதியில் 'ஒன்லி ஷோ ஐட்டம்ஸ் இன்சைட் லிங்க்டு மேப்ஸ்' என்ற டிக்கைப் போட்டால் வரைபடச் சட்டத்துக்குள் உள்ளவை மட்டும் நிற்கும். தரவில் வகைகள் அதிகம் என்பதால் வரும் உயரப் பிரச்சினைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. தரவு கனமாக இருந்தால் லேஅவுட் கொஞ்சம் மந்தமாகும். எது உள்ளே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அது தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது அல்லவா.

இரண்டு பத்தி கொடுத்தும் ஒரே பத்தியாக நிற்கிறது

காலம்ஸ், அதாவது பக்கவாட்டில் நிற்கும் பத்திகளுக்கான பகுதியில், கவுன்ட்டை 2 ஆக்கியாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. அல்லது இடப்பக்கம் 30 வரி, வலப்பக்கம் 'சாலை' மட்டும் என்று கோணல்மாணலாக நிற்கிறது. க்யூஜிஐஎஸ் ஒரு லேயரை ஒரே துண்டாகத்தான் பார்க்கும். அதன் வகுப்புகளைப் பிரித்து இரு பத்தியில் போட அனுமதி வேண்டும். அதே பகுதியில் 'ஸ்ப்ளிட் லேயர்ஸ்' டிக்கைப் போடுங்கள், பதினைந்து பதினைந்தாகப் பிரிந்துவிடும்.

பக்கத்திலேயே 'ஈக்வல் காலம் விட்த்ஸ்' இருக்கும். அதைப் போட்டால் அகலமான பத்தியின் அளவே எல்லாப் பத்திக்கும். அழகாக இருக்கும், இடம் கூடுதலாகும். இடம் போதவில்லை என்றுதான் இங்கே வந்தோம் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. புதிய பதிப்புகளில் ஓர் உருப்படியை இரட்டைச் சொடுக்கில் திறந்து, அதற்கு முன்னால் பத்தி உடைய வேண்டும் என்று நீங்களே சொல்லவும் முடியும்.

புள்ளிக் குறி மட்டும் பூதாகரமாக, அல்லது கடுகளவாக

இதில்தான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். சிம்பல் பகுதியில் இருக்கும் 7, 4 என்ற அகல உயரம் கோடுகளுக்கும் பரப்புகளுக்கும்தான் வேலை செய்யும். புள்ளிக்கு அதன் சொந்த அளவு சிம்பாலஜியில் இருக்கிறது. லெஜண்ட் அதை அப்படியே எடுத்து வரையும். 4 மி.மீ. உயரக் கட்டத்தில் 15 மி.மீ. வட்டம் வந்தால் கட்டம்தான் வட்டத்துக்காக விரியும். அகல உயரத்தை எவ்வளவு மாற்றினாலும் வட்டம் அசையாது.

அதே சிம்பல் பகுதியில் குறைந்தபட்ச, அதிகபட்ச மார்க்கர் அளவு என்று இரு கட்டங்கள் உள்ளன. 0 என்றால் கட்டுப்பாடு இல்லை. அதிகபட்சத்தை 5 மி.மீ. ஆக்கினால் அதற்கு மேலுள்ள புள்ளிகள் லெஜண்டில் மட்டும் 5-க்குச் சுருங்கும். வரைபடத்தில் மாற்றம் இருக்காது. மருத்துவமனை, பள்ளி மாதிரி 'என்ன' என்று மட்டும் சொல்லும் குறிகளுக்கு இது போதும். ஆனால் வட்டத்தின் அளவே மதிப்பைச் சொல்கிறது என்றால், மக்கள்தொகை வட்டங்கள் மாதிரி, இதைச் செய்யக் கூடாது. லெஜண்டில் 5 மி.மீ., வரைபடத்தில் 15 மி.மீ. என்றால் லெஜண்ட் பொய் சொல்கிறது. அங்கே சிம்பாலஜியில் அட்வான்ஸ்டு மெனுவுக்குள் இருக்கும் 'டேட்டா டிஃபைன்டு சைஸ் லெஜண்ட்' தான் சரி. வட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் வகையைத் தேர்ந்தால் மிகப் பெரிய வட்டத்தின் உயரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

சரி, குறியின் அளவு சிம்பாலஜியில் நியாயமாகத்தான் இருக்கிறது, லெஜண்டில் மட்டும் ஏறுக்குமாறாக வருகிறது என்றால்? அளவின் அலகைப் பாருங்கள். மில்லிமீட்டருக்குப் பதில் 'மீட்டர்ஸ் அட் ஸ்கேல்' அல்லது 'மேப் யூனிட்ஸ்' என்று இருந்தால் குறியின் அளவு வரைபட அளவையோடு கட்டுண்டது. 100 மீட்டர் என்று கொடுத்த வட்டம் 1:50,000 வரைபடத்தில் 2 மி.மீ. அதே வட்டம் 1:10,000-இல் 10 மி.மீ. லெஜண்ட் எந்த வரைபடத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ அதன் அளவையை வைத்துக் கணக்குப் போடும்.

இதில் எனக்கு ஒரு முழு மாலை போனது. லேஅவுட்டில் இரண்டு வரைபடங்கள்: பெரியது 1:50,000, மூலையில் 'இந்த இடம் எங்கே இருக்கிறது' என்று காட்டும் குட்டி 1:10,00,000. பெரியதில் வட்டங்கள் தெளிவாக இருந்தன. லெஜண்டில் ஒன்றுமே இல்லை, பெயர்கள் மட்டும். உற்றுப் பார்த்தால் தூசி மாதிரி ஏதோ. குறியை மாற்றினேன், நிறத்தை மாற்றினேன், லெஜண்டையே நீக்கி மறுபடி சேர்த்தேன், மென்பொருளை மூடித் திறந்தேன். கடைசியில் மெயின் ப்ராபர்ட்டீஸில் 'மேப்' என்ற வரியைப் பார்த்தால் அது குட்டி வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த அளவையில் 100 மீட்டர் என்பது 0.1 மி.மீ. லெஜண்ட் ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறது, நான்தான் தவறான வரைபடத்தைக் கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து லேஅவுட்டில் ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஐட்டம் ஐடி கொடுத்துவிடுகிறேன், 'முதன்மை', 'இருப்பிடம்' என்று. 'மேப் 1', 'மேப் 2' என்று விட்டு வைத்தால் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வரும்.

ஒரே ஓர் உருப்படியின் குறி மட்டும் வேறு அளவில் வேண்டும் என்றால் அதை இரட்டைச் சொடுக்கில் திறந்து தனி அகலம், உயரம் கொடுக்கலாம். இது 3.14 பதிப்பிலிருந்து இருக்கிறது. ராஸ்டரின், அதாவது சிறு கட்டங்களாலான தரவுப் படத்தின், தொடர் வண்ணப்பட்டைக்கும் அளவு கொடுக்கும் இடம் இதுவே.

லெஜண்ட் தானாக இடம் மாறுகிறது

நேற்று வலது கீழ் மூலையில் கச்சிதமாக இருந்தது. இன்று ஒரு லேயர் சேர்த்ததும் தாளுக்குக் கீழே தொங்குகிறது. பெட்டி உண்மையில் நகரவில்லை, வளர்ந்திருக்கிறது. வளரும்போது எந்தப் புள்ளி அசையாமல் நிற்க வேண்டும் என்பதைத்தான் நாம் சொல்லவில்லை.

பொசிஷன் அண்ட் சைஸ் பகுதியில் 'ரெஃபரன்ஸ் பாயின்ட்' என்று ஒன்பது புள்ளிகள் கொண்ட சிறு கட்டம் இருக்கும். தானாக இருப்பது இடது மேல் மூலை. அதனால் பெட்டி வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் வளரும். லெஜண்ட் வலது கீழ் மூலையில் இருக்கிறதென்றால் புள்ளியையும் வலது கீழுக்கு மாற்றுங்கள். இனி அது மேலேயும் இடப்பக்கமும்தான் வளரும், மூலை அசையாது. ஒரு சொடுக்கு வேலை. அட்லஸ் போட்டு, அதாவது ஒரே லேஅவுட்டிலிருந்து இடம் மாற்றி மாற்றித் தானாக, ஐம்பது பக்கம் எடுப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும். மேலே சொன்ன 'வரைபடத்துக்குள் உள்ளவை மட்டும்' டிக்கும் சேர்ந்தால் பக்கத்துக்குப் பக்கம் பெட்டி வெவ்வேறு உயரத்தில் வரும். ஐம்பதையும் கையால் நகர்த்த யாருக்குப் பொறுமை இருக்கிறது?

டபிள்யூஎம்எஸ் லேயரின் லெஜண்ட் மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை

டபிள்யூஎம்எஸ் என்பது வரைபடத்தை இணையம் வழியாகப் படமாக அனுப்பும் சேவை. அதன் லெஜண்ட் எழுத்தும் குறியும் அல்ல, சர்வர் அனுப்பிய ஒரு படம். எழுத்துரு, இடைவெளி எதுவும் அதைத் தொடாது. 'டபிள்யூஎம்எஸ் லெஜண்ட்கிராஃபிக்' என்ற தனிப் பகுதியில் அதற்கான அகலம், உயரம் இருக்கிறது; தானாக 50, 25 மி.மீ. அங்கே மாற்றுங்கள். படம் என்பதால் உள்ளிருக்கும் எழுத்தும் சேர்ந்தே சிறிதாகும், ஓர் எல்லைக்கு மேல் படிக்க முடியாது. அப்படியானால் அந்த உருப்படியை லெஜண்டிலிருந்து நீக்கிவிட்டு, நாலைந்து கட்டங்களையும் பெயர்களையும் லேஅவுட்டில் கையால் வரைந்துவிடுவதே சுலபம்.

ஏ4-இல் செய்ததை ஏ3-க்கு மாற்றினேன், லெஜண்ட் மட்டும் குட்டியாக நிற்கிறது

பக்கத்தின் அளவை மாற்றினால் பக்கம் மட்டும்தான் பெரிதாகும். அதன் மேல் இருப்பவை அதே மில்லிமீட்டரில் அப்படியே இருக்கும். வரைபடச் சட்டத்தை இழுத்துப் பெரிதாக்கிவிடலாம். லெஜண்டை இழுக்க முடியாது என்பதுதான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கும் விஷயம். மொத்தமாகப் பெருக்க ஒரு பொத்தானும் இல்லை. ஏ4-லிருந்து ஏ3-க்கு நீளமும் அகலமும் 1.414 மடங்கு. எழுத்து 8 பாயின்ட் என்றால் 11.3, குறி 7, 4 என்றால் 9.9, 5.7, இடைவெளிகளும் அதே விகிதத்தில். ஐந்தாறு கட்டங்களில் எண் மாற்ற வேண்டும், கால்மணி நேர வேலை. உண்மையில் முழுவதும் பெருக்க வேண்டியதும் இல்லை. ஏ3 தாளைக் கையில் வைத்துப் படிப்பவருக்கு 9 பாயின்ட் போதும். சுவரில் மாட்டுவதாக இருந்தால்தான் பெருக்க வேண்டும்.

படம் போல இழுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. லெஜண்டைத் தனி லேஅவுட்டில் வைத்து, எஸ்விஜியாக ஏற்றுமதி செய்யுங்கள். அப்போது வரும் பெட்டியில் 'கிராப் டு கன்டென்ட்' கொடுத்தால் சுற்றியிருக்கும் வெள்ளைத் தாள் வராது. அந்தக் கோப்பை முதல் லேஅவுட்டில் படமாகச் சேர்த்து எப்படி வேண்டுமானாலும் இழுங்கள். எஸ்விஜி, புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் திசையன் கோப்பு என்பதால் மங்காது. விலை என்னவென்றால், இனி அது லெஜண்ட் அல்ல, லெஜண்டின் புகைப்படம். லேயரின் நிறத்தை மாற்றினால் அது மாறாது. நாளை யாராவது 'காட்டுக்கு இன்னும் கொஞ்சம் கரும்பச்சை போடுங்கள்' என்று சொன்னால், வரைபடத்தில் ஒரு பச்சை, லெஜண்டில் ஒரு பச்சை. அதனால் இது இறுதி ஒப்புதலுக்குப் பிறகு மட்டும்.

திரையில் சரி, பிடிஎஃப்பில் இல்லை

முதலில் லேஅவுட்டில் எஃப்5 அழுத்தி ரெஃப்ரெஷ் செய்து பாருங்கள். நீங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருந்ததே பழைய வரைவாக இருக்கலாம். அதற்கும் பிறகு வேறுபாடு இருந்தால் எழுத்துருவைச் சந்தேகியுங்கள். ஒரு கணினியில் செய்த திட்டக் கோப்பை இன்னொன்றில் திறக்கும்போது அங்கே அந்த எழுத்துரு இல்லை என்றால் வேறொன்று வந்து உட்காரும். அதன் அகலம் வேறு, ஆகவே பெட்டியின் அளவும் வேறு. தமிழ் எழுத்துருக்களில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்தைப் பாதைகளாக ஏற்றும் தெரிவு, அதாவது 'ஆல்வேஸ் எக்ஸ்போர்ட் டெக்ஸ்ட் அஸ் பாத்ஸ்', இருக்கிறது. அதைக் கொடுத்தால் எழுத்து வடிவமாகவே போய்விடும், யார் எங்கே திறந்தாலும் மாறாது. எழுத்தாகவே அனுப்பி, வேறு வரைகலை மென்பொருளில் திறந்தால் ஒற்றைக் கொம்பு இடம் மாறி நிற்பதையும் பார்க்க நேரலாம்.

பிடிஎஃப்பிலும் சரி, தாளில்தான் சிறியதாக வருகிறது என்றால் லேஅவுட்டைக் குறை சொல்லாதீர்கள். அச்சிடும் பெட்டியில் 'ஃபிட் டு பேஜ்' இருந்திருக்கும். அளவுகோலை ஸ்கேல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். அளவுகோலே சுருங்கியிருந்தால் '1:50,000' என்று எழுதியிருப்பதும் இப்போது பொய்.

ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவில் பெட்டியைச் சுருக்கினால் எழுத்தும் சேர்ந்து சிறிதாகிறது

க்யூஜிஐஎஸ்ஸிலிருந்து வருபவர்களை முதல் நாளே திகைக்க வைப்பது இது. அங்கே பெட்டி உள்ளடக்கத்துக்குப் பணியும். இங்கே எது எதற்குப் பணிய வேண்டும் என்பதையே நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். லெஜண்டின் அரேஞ்ச்மென்ட் தெரிவுகளில் 'ஃபிட்டிங் ஸ்ட்ராட்டஜி' என்று இருக்கும். அட்ஜஸ்ட் ஃபான்ட் சைஸ் என்றால் பெட்டிதான் எஜமான், எழுத்து அதற்கேற்பச் சுருங்கும். அட்ஜஸ்ட் காலம்ஸ் என்றால் எழுத்து அப்படியே இருக்கும், பத்திகள் கூடும் குறையும். இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஒன்றும் உண்டு. அட்ஜஸ்ட் ஃப்ரேம் என்பது க்யூஜிஐஎஸ் நடத்தையேதான்: உள்ளடக்கத்துக்குத் தக்கபடி பெட்டி மாறும். மேனுவல் காலம்ஸ் என்றால் எந்த உருப்படி எந்தப் பத்தியில் என்று நீங்களே பிரிக்கலாம்.

எழுத்து 8 பாயின்ட் என்று கொடுத்தும் 5.37 மாதிரி ஏதோ ஓர் எண் திரும்பத் திரும்ப வந்து நின்றால் காரணம் முதல் தெரிவு. அட்ஜஸ்ட் காலம்ஸுக்கோ அட்ஜஸ்ட் ஃப்ரேமுக்கோ மாறிவிட்டு எழுத்தளவைக் கொடுங்கள், நிற்கும். நான் வேலை நடக்கும்போது அட்ஜஸ்ட் ஃப்ரேமில் வைத்திருந்து, இடம் முடிவான பிறகே வேறு தெரிவுக்குப் போவேன். எழுத்து என்னைக் கேட்காமல் சுருங்குவதை என்னால் சகிக்க முடியாது.

குறியின் அளவு இங்கே 'பேட்ச்' என்ற பெயரில் இருக்கும்; அகலம், உயரம் இரண்டும் உருப்படிக்கு உருப்படி தனியாகவும் கொடுக்கலாம், பலவற்றை ஒன்றாகத் தேர்ந்து மொத்தமாகவும் கொடுக்கலாம். வரைபடத்தில் தெரிபவை மட்டும் லெஜண்டில் வரச் செய்யும் தெரிவும் உருப்படியின் பண்புகளில் உண்டு.

வலச் சொடுக்கில் 'கன்வர்ட் டு கிராஃபிக்ஸ்' என்று ஒன்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால் லெஜண்ட் வெறும் வரைபொருள்களாக உடையும், ஒவ்வொரு துண்டையும் விருப்பம்போல இழுக்கலாம், நீட்டலாம். மேலே சொன்ன எஸ்விஜி வழியின் அதே விலைதான் இதற்கும். அழுத்துவதற்கு முன் லெஜண்டை ஒரு பிரதி எடுத்து, லேஅவுட் பக்கத்துக்கு வெளியே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு வெளியே இருப்பது ஏற்றுமதியில் வராது. திருத்தம் கேட்டு மின்னஞ்சல் வரும்போது அந்தப் பிரதியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.